கிரிஸ்லி கரடி பெருகிவரும் மலைகளில் எல்க் வேட்டை: வேட்டைக்காரர்களின் கவலை எவ்வளவு நியாயமானது?

மலைச்சாரல் (போஸ்மன், மொன்டானா) – நவம்பர் 3

சென்ற சனிக்கிழமை நடந்ததை முதலில் சொல்லிவிட்டுக் கேள்விக்கு வருகிறேன். கேலட்டின் மலைத்தொடரின் ஒரு சரிவில், மாலை ஐந்து மணிக்குச் சற்று முன்பு, பக்கத்து வீட்டுப் பெரியவரும் நானும் ஓர் ஆண் எல்க் மானைச் சுட்டோம். உயிரோடு இருக்கும்போது முந்நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள பிராணி அது. தோலை உரித்து, குடலை எடுத்து, கறியைப் பிரிப்பதற்குள் இருட்டிவிட்டது. தலைவிளக்கின் வெளிச்சத்தில் பின்னந்தொடைகள் இரண்டையும் ஆளுக்கொன்றாக முதுகில் கட்டிக்கொண்டு மூன்று மைல் நடந்து வண்டிக்கு வந்து சேர்ந்தோம். முன்சப்பைகளையும் மற்ற கறியையும் துணிப்பையில் போட்டு அங்கேயே ஒரு மரத்தில் கட்டிவிட்டு வந்திருந்தோம்.

மறுநாள் காலை எட்டு மணிக்குத் திரும்பிச் சென்றபோது அண்டங்காக்கைகள் மரங்களில் அமர்ந்தபடியே கத்திக்கொண்டிருந்தன. ஒன்றுகூடக் கீழே இறங்கவில்லை. பெரியவர் அதைப் பார்த்ததுமே கையை உயர்த்தி என்னை நிறுத்திவிட்டார். குடலை விட்டுவந்த இடத்தில் ஒரு மண்மேடு எழுந்திருந்தது. புல்லையும் வேரையும் மண்ணையும் பெயர்த்துக் குவித்துக் கரடி தன் தீனியை மூடிவைத்திருந்த அந்த மேட்டின் ஓரத்தில் ஒரு குளம்பு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மரத்தில் கட்டிய பை கிழிந்து தரையில் கிடந்தது. கரடியை நாங்கள் பார்க்கவில்லை. அதுதான் எனக்கு அதிகப் பயத்தைத் தந்தது. வந்த வழியே பேசிக்கொண்டே பின்வாங்கினோம். பாதிக் கறி போயிற்று.

என் கேள்வி இதுதான். யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா வட்டாரத்துக்கு மத்திய அரசின் மீட்புத் திட்டம் வைத்த இலக்கு 500 கிரிஸ்லி கரடிகள். இன்று அங்கு ஏறத்தாழ 1,000 இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். இலக்கைப் போல இரு மடங்கு ஆன பிறகும் அருகிவரும் உயிரினங்களுக்கான மத்திய அரசின் பாதுகாப்புப் பட்டியலிலிருந்து எடுக்கவில்லை. ஒரு சிறு வேட்டைக்கும் இடமில்லை. வேட்டைக்காரர்கள் இதைக் கேட்டால் கொலைவெறி பிடித்தவர்கள் என்கிறார்கள். இங்குள்ளவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

நீலமலை (கோத்தகிரி) – நவம்பர் 3

எங்கள் ஊரில் தேயிலைத் தோட்டத்துக்குள் கரடி வருவது வழக்கமான செய்தி. ஆனால் 1972-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு பிறந்த எங்களுக்கு ‘வேட்டைக்காரர்களின் கவலை’ என்ற சொற்சேர்க்கையே புதிது. ஆகவே விவாதிக்க வரவில்லை, ஒரு சந்தேகம் கேட்க வந்தேன். துப்பாக்கிச் சத்தம் கேட்டால் விலங்கு ஓடத்தானே வேண்டும்? உங்கள் கரடி எப்படி அவ்வளவு விரைவாக அந்த இடத்துக்கு வந்தது?

இரா. செ. (மிசூலா, வனவியல் ஆய்வு மாணவன்) – நவம்பர் 3

நீலமலை ஐயா கேட்டது நல்ல கேள்வி. இலையுதிர் காலத்தில் கிரிஸ்லி கரடி ஏறக்குறைய நாள் முழுவதும் தின்றுகொண்டே இருக்கும். அடுத்த ஐந்து மாதம் குகையில் கிடக்கத் தேவையான கொழுப்பை அப்போதுதான் சேர்க்க வேண்டும். யெல்லோஸ்டோனில் அதற்கு உதவிய உணவுகளில் ஒன்று வெள்ளைப்பட்டைப் பைன் மரத்தின் கொழுப்பு மிகுந்த விதை. பூஞ்சை நோயாலும் பட்டை வண்டாலும் அந்த மரம் பெருமளவில் அழிந்து, 2022 டிசம்பரில் அதுவும் பாதுகாப்புப் பட்டியலுக்கு வந்துவிட்டது. இன்னொரு உணவு யெல்லோஸ்டோன் ஏரியின் கட்த்ரோட் மீன். யாரோ கொண்டுவந்து விட்ட லேக் டிரவுட் மீன் அதைத் தின்று தீர்த்தது.

இந்த நிலையில்தான் வேட்டைக்காலம் வருகிறது. பூங்கா எல்லைக்கு வெளியே ஒவ்வொரு எல்க்குக்கும் ஒரு குடல்குவியல் மலையில் விடப்படுகிறது. எல்க் வேட்டை தொடங்கும் நாள்களில் கரடிகள் பூங்காவை விட்டு வெளியே நகர்வதைக் கழுத்துப்பட்டை ரேடியோ மூலம் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். விதை குறைந்த ஆண்டுகளில் இது கூடுதல். சத்தத்தைக் கேட்டுச் சாப்பாட்டு மணி என்று வருகிறதா, காற்றில் வரும் வாடையைப் பிடித்து வருகிறதா என்பதில் வேட்டைக்காரர்களுக்குள்ளேயே சண்டை உண்டு. வாடை ஒன்றே போதும் என்பது என் எண்ணம். கரடியின் மூக்குக்கு இரவு முழுவதும் நேரம் கொடுத்தால் அது வராமல் இருந்தால்தான் வியப்பு.

தணிகை (சான் ஹோசே) – நவம்பர் 3

மலைச்சாரல் அவர்களே, உங்கள் அனுபவத்தை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் ‘இலக்கைப் போல இரு மடங்கு’ என்ற கணக்கில் ஒரு பக்கம் மறைந்துபோகிறது. 1800 வாக்கில் அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் சுமார் 50,000 கிரிஸ்லிகள் இருந்ததாக மதிப்பிடப்படுகிறது. 1975-இல் பட்டியலில் சேர்த்தபோது அலாஸ்கா நீங்கலாக எஞ்சியவை 700 அல்லது 800. நான் வாழும் கலிஃபோர்னியா மாநிலத்தின் கொடியில் கிரிஸ்லி இருக்கிறது. மலையில் ஒன்றுகூட இல்லை, நூறு ஆண்டுகளாக இல்லை. இன்று எல்லாம் சேர்ந்து இரண்டாயிரத்துச் சொச்சம். இதற்குப் பெயர் பெருக்கமா?

மேலும், பெண் கரடி முதல் குட்டி ஈனுவதற்கே ஐந்தாறு வயதாகிறது. அடுத்த ஈற்றுக்கு ஏறக்குறைய மூன்று ஆண்டு இடைவெளி. மான்களைப் போல ஒரு நல்ல ஆண்டில் இழப்பை ஈடுகட்டிவிடும் இனம் அல்ல இது.

பழங்குடி மக்களின் குரலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2017-இல் பட்டியலிலிருந்து நீக்கியதை எதிர்த்த வழக்கின் பெயரிலேயே குரோ பழங்குடியினர்தாம் முதல் வாதி. கரடியை உறவாகவும் புனிதமாகவும் கருதுபவர்களிடம், சுவரில் மாட்டத் தலை வேண்டும் என்று கேட்பது எப்படி இருக்கும்?

வழக்குமன்றம் (டென்வர்) – நவம்பர் 4

சட்ட வரலாறு தெரியாமல் இந்தக் கோபம் புரியாது என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன். யெல்லோஸ்டோன் கரடிகளை மத்திய அரசு 2007-இல் பட்டியலிலிருந்து நீக்கியது. 2009-இல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது; மேல்முறையீட்டு நீதிமன்றம் 2011-இல், வெள்ளைப்பட்டைப் பைன் அழிவின் விளைவை அரசு சரியாக ஆராயவில்லை என்ற காரணத்தை ஏற்று அந்த ரத்தை உறுதிசெய்தது. 2017-இல் மறுபடியும் நீக்கினார்கள். வயோமிங் மாநிலம் 2018 இலையுதிர் காலத்தில் அதிகபட்சம் 22 கரடிகளைச் சுட அனுமதி தர முடிவுசெய்து, குலுக்கலும் நடத்தியது. ஐடஹோ ஒரே ஒரு கரடிக்கு அனுமதி தந்தது. மொன்டானா வேட்டையே வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டது.

அந்தக் குலுக்கலில் ஒரு வேடிக்கை நடந்தது. ‘துப்பாக்கியால் அல்ல, கேமராவால் சுடுவோம்’ என்று கிளம்பிய பலர் விண்ணப்பம் போட்டார்கள். சிம்பன்சி ஆய்வாளர் ஜேன் குடால் அம்மையாரும் அவர்களுள் ஒருவர். காட்டுயிர்ப் படக்கலைஞர் தாமஸ் மேங்கல்சனுக்கு அனுமதிச் சீட்டு உண்மையாகவே விழுந்தது. செப்டம்பர் 1 அன்று வேட்டை தொடங்க இருக்க, ஆகஸ்ட் 30 அன்று மிசூலா நீதிபதி டேனா கிறிஸ்டென்சன் இடைக்காலத் தடை விதித்தார். செப்டம்பர் 24 அன்று கரடிகளைப் பட்டியலில் திரும்பச் சேர்த்தார். 2020-இல் மேல்முறையீட்டிலும் அதே முடிவு. 2025 ஜனவரியில் மொன்டானா, வயோமிங் மனுக்களை மத்திய அரசு நிராகரித்து, நான்கு மாநிலக் கரடிகளையும் ஒரே தொகுதியாகப் பார்க்க வேண்டும் என்று முன்மொழிந்தது.

இதை ஒரு சாதாரண வேட்டைக்காரர் எப்படிப் பார்ப்பார்? பந்தயக் கோட்டை நெருங்கும்போதெல்லாம் கோட்டை நகர்த்திவைப்பதாகத்தான். நீதிமன்றத்தின் காரணங்கள் வலுவானவை: வட்டாரங்களுக்கிடையே மரபணுக் கலப்பு இல்லை, ஒரு வட்டாரத்தைத் தனியே நீக்கினால் எஞ்சியவற்றின் நிலை என்ன என்று அரசு ஆராயவில்லை என்பன போன்றவை. ஆனால் அவை 500 என்று எண்ணைச் சொன்னபோது மக்களுக்குச் சொல்லப்பட்ட காரணங்கள் அல்ல. எண்ணைக் கொடுத்துவிட்டு, எண் நிறைவேறியதும் எண் மட்டும் போதாது என்றால் நம்பிக்கை குலையத்தான் செய்யும்.

மலைச்சாரல் – நவம்பர் 4

வழக்குமன்றம் அவர்கள் என் மனத்தில் இருந்ததை என்னைவிடத் தெளிவாகச் சொல்லிவிட்டார். தணிகை அவர்களுக்கு இரண்டு பதில்கள்.

முதலாவது, பணம். 1937-ஆம் ஆண்டின் பிட்மன்–ராபர்ட்சன் சட்டப்படி நான் வாங்கும் நீள்துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 விழுக்காடு வரி. அது மாநிலங்களின் காட்டுயிர்த் துறைகளுக்குச் செல்கிறது. அதன் மேல் ஆண்டுதோறும் உரிமக் கட்டணம். மாநிலத் துறை கரடிக்குக் கழுத்துப்பட்டை மாட்டுவதிலும் ஊருக்குள் வந்த கரடியைப் பிடித்து இடம் மாற்றுவதிலும் இந்தப் பணத்துக்குப் பங்கு உண்டு. சுவரில் மாட்டத் தலை கேட்பவனாக என்னைக் காட்டுவதற்கு முன் இதையும் எண்ணிப்பாருங்கள். தலை எனக்கு வேண்டாம். குளிர்பதனப் பெட்டியில் கறி இருந்தால் போதும்.

இரண்டாவது, எல்க். வட யெல்லோஸ்டோன் மந்தை 1990-களின் நடுவில் சுமார் 19,000 இருந்தது. 2013-இல் 4,000-க்கு அருகில் வந்துவிட்டது. எல்லோரும் ஓநாயைப் பழிக்கிறார்கள். ஆனால் எல்க் கன்றுகளை ஓநாயைவிடக் கரடிகளே அதிகம் கொல்கின்றன என்று அங்கே நடந்த ஆய்வு சொன்னது. இதைச் சொல்வதும் வெறியா?

இரா. செ. – நவம்பர் 4

வெறி அல்ல, உண்மைதான். ஆனால் பாதி உண்மை. ஏரியில் மீன் குறைந்த பிறகு கரடிகள் கன்றுகளின் பக்கம் திரும்பின என்பது அந்தக் கதையின் மறுபாதி. வறட்சி, ஓநாய், பூங்காவுக்கு வெளியே மனிதர்கள் நடத்திய வேட்டை எல்லாம் சேர்ந்தே மந்தை சுருங்கியது. தவிர, மொன்டானாவின் வேறு பல வட்டாரங்களில் எல்க் அளவுக்கு மீறிப் பெருகி, பண்ணைக்காரர்கள் புகார் செய்கிறார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும். கரடியால் எல்க் அற்றுப்போகிறது என்று மாநிலம் முழுவதற்கும் சொல்ல முடியாது.

கோதுமைவயல் (கிரேட் ஃபால்ஸ், மொன்டானா) – நவம்பர் 5

எல்லோரும் யெல்லோஸ்டோனைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் பக்கத்துக் கதை வேறு. கிளேசியர் பூங்காவை ஒட்டிய வடக்கு வட்டாரத்தில் கரடிகள் இன்னும் அதிகம், ஆயிரத்தைத் தாண்டியவை. அவை ராக்கி மலையின் கிழக்கு அடிவாரத்தை விட்டு ஆற்றோரப் புதர்களைப் பிடித்துக்கொண்டு சமவெளிக்குள் இறங்கிவிட்டன. கிரிஸ்லி என்றால் மலை விலங்கு என்று நினைப்பது நாம் அதை மலைக்குத் துரத்தியதால் வந்த பழக்கம். அமெரிக்க மேற்கை ஆராயச் சென்ற லூயிஸும் கிளார்க்கும் 1805-இல் அதைச் சந்தித்தது இந்தப் புல்வெளியில்தான்.

நான் மருத்துவமனையில் செவிலியர். விடுமுறை நாள்களில் நாயோடு ஃபெசன்ட் பறவை வேட்டைக்குப் போவேன். 2022 அக்டோபரில் சோட்டோ ஊருக்குக் கிழக்கே, என்னைப் போலவே பறவை வேட்டைக்குப் போன ஒருவரை ஆற்றோரப் புதரிலிருந்து வந்த கிரிஸ்லி தாக்கியது. அவர் காயத்தோடு கரடியைச் சுட்டுப் பிழைத்தார். எல்க் வேட்டைக்காரராவது கரடி நாடு என்று தெரிந்தே மலை ஏறுகிறார். பறவைக்கான சிறு ரவை நிரப்பிய துப்பாக்கியோடு, நாயைப் புதருக்குள் ஏவிவிட்டு, தலையளவு உயரச் செடிகளுக்குள் நடப்பவர் என்ன செய்வார்? தணிகை அவர்களே, எண்ணிக்கை இரண்டாயிரமா ஐம்பதாயிரமா என்பது அந்தப் புதருக்குள் எனக்குப் பொருட்டல்ல. போன வருடம் இல்லாத இடத்தில் இந்த வருடம் இருக்கிறது என்பதே பொருட்டு.

தணிகை – நவம்பர் 5

கோதுமைவயல் அக்கா சொன்னதை ஏற்கிறேன். நான் இப்படி யோசித்ததில்லை. ஆனாலும் ஒன்று கேட்கிறேன்: ஆண்டுக்கு இருபது கரடிகளைச் சுட அனுமதித்தால் சோட்டோவின் புதரில் கரடி இல்லாமல் போய்விடுமா?

வடகிழான் (கல்கரி, கனடா) – நவம்பர் 6

அந்தக் கேள்விக்கு எங்கள் பக்கத்திலிருந்து ஒரு பதில். அல்பர்ட்டாவில் 2006-இல் கிரிஸ்லி வேட்டையை நிறுத்தினார்கள். 2010-இல் அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாக அறிவித்தார்கள். 2021 மதிப்பீட்டில் 856 முதல் 973 வரை. பிரிட்டிஷ் கொலம்பியாவில் சுமார் 15,000 இருக்கும்போதே, 2017 டிசம்பரில், பொதுமக்கள் கருத்து எதிராக இருக்கிறது என்று வேட்டையை மூடிவிட்டார்கள். அந்த முடிவு வந்ததிலிருந்து எங்கள் வேட்டை நண்பர்கள் விஞ்ஞானம் என்ற சொல்லைக் கேட்டாலே சிரிக்கிறார்கள்.

ஆனால் வேட்டை இருந்தால் கரடி மனிதனுக்கு அஞ்சும் என்ற வாதத்தை நான் முழுவதும் நம்புவதில்லை. அலாஸ்காவில் ஏறத்தாழ 30,000 பழுப்புக் கரடிகள் (கிரிஸ்லியும் இதே இனம்தான்) இருக்கின்றன, வேட்டையும் உண்டு. அங்கேயும் சுட்ட மானின் கறியருகே ஆள் தாக்கப்படுகிறார். சுடப்பட்ட கரடி யாருக்கும் பாடம் சொல்லப் போவதில்லை. அது தனியாக வாழும் விலங்கு. குட்டிக்குத் தாய் கற்பிப்பது உண்டு, ஆனால் குட்டியோடு இருக்கும் தாயைச் சுட வேட்டை விதிகளே இடம் தருவதில்லை.

2024-இல் அல்பர்ட்டா அரசு, தொல்லை தரும் கரடியை மட்டும் தேர்ந்தெடுத்த குடிமக்கள் வழியாகக் கொல்ல வழிசெய்தது. சமவெளிக்கு இறங்கும் கரடிக்கு அது ஏதாவது செய்யக்கூடும். மலையில் மலைச்சாரலின் குடல்குவியலுக்கு அது ஒன்றும் செய்யாது.

மலைச்சாரல் – நவம்பர் 6

இதை ஒத்துக்கொள்ளச் சங்கடமாக இருக்கிறது, ஆனால் வடகிழான் சொல்வது சரி. சனிக்கிழமை இரவு அந்தச் சரிவுக்கு வந்த கரடியை எந்த அனுமதிச் சீட்டும் தடுத்திருக்காது. என் கோபம் வாக்கு மாறியவர்கள் மேல். என் பயம் அந்த மண்மேட்டின் மேல். இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டேன் போலும்.

சரி, பயத்தைப் பற்றி மட்டும் கேட்கிறேன். கரடி ஸ்ப்ரேயா (மிளகாய்க் காரத்தைப் பீய்ச்சும் குப்பி), கைத்துப்பாக்கியா? 2018 செப்டம்பரில் வயோமிங்கின் டெடன் வனப்பகுதியில், முந்தின நாள் அம்பெய்த எல்க்கைப் பிரித்துக்கொண்டிருந்த வழிகாட்டி ஒருவரைத் தாய்க் கரடி கொன்றது. அங்கே ஸ்ப்ரேயும் இருந்தது, கைத்துப்பாக்கியும் இருந்தது.

இரா. செ. – நவம்பர் 6

அலாஸ்கா நிகழ்வுகளைத் தொகுத்து ஸ்மித், ஹெரேரோ குழுவினர் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், பழுப்புக் கரடிகளிடம் ஸ்ப்ரே 92 விழுக்காடு பயன் தந்தது. அருகில் வந்த கரடிகளிடம் அதைக் கையில் வைத்திருந்தவர்களில் 98 விழுக்காட்டினர் காயமின்றித் தப்பினர். அதே ஆய்வாளர்கள் 2012-இல் துப்பாக்கி பற்றி எழுதியபோது, சுட்டவர்களுக்கும் சுடாதவர்களுக்கும் காயத்தில் பெரிய வேறுபாடு இல்லை என்றார்கள். வேட்டைக்காரர்கள் இதை ஏற்க மறுப்பதிலும் நியாயம் உண்டு. ஸ்ப்ரே கணக்கில் பாய்ந்து வந்த கரடிகள் மட்டுமல்ல, ஆர்வத்தால் நெருங்கிய கரடிகளும் இருக்கின்றன. ஸ்ப்ரே பத்து மீட்டருக்குள்தான் எட்டும், சில நொடிகளில் தீர்ந்துவிடும், எதிர்க்காற்றில் உங்கள் கண்ணிலேயே விழும்.

ஆனால் உங்கள் கதையில் இரண்டுக்குமே வேலை வரவில்லை என்பதைக் கவனித்தீர்களா? கறியை எந்த உயரத்தில் கட்டினீர்கள்? குடலிலிருந்து எவ்வளவு தூரம்?

மலைச்சாரல் – நவம்பர் 6

கைக்கு எட்டிய கிளையில். ஏழடி இருக்கலாம். தூரம் நாற்பது எட்டு. திட்டாதீர்கள், மிகவும் களைத்திருந்தோம்.

கோதுமைவயல் – நவம்பர் 6

திட்டவில்லை தம்பி. ஆனால் வனத்துறையின் விதி தரையிலிருந்து பத்தடி உயரம், அடிமரத்திலிருந்து நான்கடி விலகல் என்கிறது. என் கணவர் செய்வது இது: பிராணி விழுந்ததும் இருவரில் ஒருவர் கத்தியைத் தொடமாட்டார், ஸ்ப்ரேயைக் கையில் வைத்துக்கொண்டு காற்று வரும் திசைக்கு எதிர்த்திசையைப் பார்த்தபடி நிற்பார், ஏனென்றால் வாடை போகும் பக்கத்திலிருந்துதான் கரடி வரும். குடலைத் திறக்காமலே தொடை, சப்பை, முதுகுக்கறியை எடுத்து, எல்லாவற்றையும் முந்நூறு அடி தள்ளி, தூரத்திலிருந்தே கண்ணுக்குத் தெரியும் வெட்டவெளி ஓரத்தில் தொங்கவிடுவார்கள். மறுநாள் வரும்போது பைனாகுலரில் பையைப் பார்த்த பிறகே நெருங்குவார்கள். பை அசைந்திருந்தால் அந்தக் கறி நம்முடையது அல்ல.

வெளிமாநிலத்திலிருந்து விமானத்தில் வருபவர்களுக்கு ஒன்று: ஸ்ப்ரேயைப் பெட்டியில்கூட வைக்க முடியாது, இறங்கிய ஊரில் வாங்க வேண்டும். பலர் மறந்துவிட்டு வெறுங்கையோடு மலை ஏறுகிறார்கள்.

வழக்குமன்றம் – நவம்பர் 7

தற்காப்புக்காகச் சுட்டால் குற்றமில்லை. ஆனால் ஐந்து நாள்களுக்குள் தெரிவித்தாக வேண்டும், விசாரணையும் நடக்கும். கறுப்புக் கரடி என்று நினைத்துக் கிரிஸ்லியைச் சுட்டுவிட்டேன் என்பது தற்காப்பு ஆகாது. நிறத்தை நம்ப முடியாது. கறுப்புக் கரடியிலேயே பழுப்பு உண்டு. தோள் திமில், குழிந்த முகம், சிறிய வட்டக் காது, நீண்ட முன்நகம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். மொன்டானாவில் கறுப்புக் கரடிக்கு உரிமம் வாங்கும் முன் இதற்கான தேர்வில் தேற வேண்டும்.

எங்கள் கொலராடோவில் கிரிஸ்லி அற்றுப்போய்விட்டது என்று எல்லோரும் முடிவு கட்டி ஆண்டுகள் பல கழிந்த பிறகு, 1979-இல் சான் வான் மலையில் ஒரு வழிகாட்டியை ஒரு கிழப் பெண் கிரிஸ்லி தாக்கியது. கையில் பிடித்த அம்பாலேயே அவர் அதைக் குத்திக் கொன்றார். அதுவே கொலராடோவின் கடைசிக் கிரிஸ்லி. பிழைத்தவர் மேல் எனக்கு மதிப்பு உண்டு. அந்தக் கரடியை நினைத்தாலும் மனம் கனக்கிறது.

மட்டுறுத்துனர் – நவம்பர் 7

மாமிசம் உண்பது சரியா தவறா என்று தொடங்கிய நான்கு பதிவுகளை வேறு இழைக்கு மாற்றியிருக்கிறேன்.

தணிகை – நவம்பர் 8

என் நிலையில் பெரிய மாற்றம் இல்லை: மரபணுக் கலப்புக்காக 2024-இல் வடக்கிலிருந்து இரண்டு இளங்கரடிகளை வண்டியில் ஏற்றி யெல்லோஸ்டோனுக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. இரண்டு வட்டாரமும் தாமாக இணையும்வரை, நடுவில் அலையும் கரடியைச் சுட அனுமதிப்பதை எதிர்ப்பேன். ஆனால் அந்த நடுவிடத்தில்தான் கோதுமைவயல் அக்கா போன்றவர்கள் வாழ்கிறார்கள் என்பதைச் சேர்த்தே இனிப் பேசுவேன். வேலிக்கும் கோழிக்கூட்டு மின்கம்பிக்கும் பணம் யார் தருவது என்று இதுவரை நான் கேட்டதே இல்லை.

மலைச்சாரல் – நவம்பர் 23

இழை அடங்கிவிட்டது, ஆனாலும் ஒன்றைப் பதிந்துவைக்கிறேன். நேற்று அதே சரிவுக்கு ஒரு மைல் வடக்கே போயிருந்தோம். பனி கணுக்கால் அளவு. ஒரு பழைய தடம் இருந்தது. முன்நகக் குறி விரலிலிருந்து வெகுதூரம் தள்ளிப் பதிந்திருந்ததால் கிரிஸ்லி என்று பெரியவர் சொன்னார். மூன்றே முக்கால் மணிக்கு இருநூறு கஜத்தில் ஒரு நல்ல ஆண் எல்க் பக்கவாட்டில் நின்றது. சூரியன் மறைய ஒரு மணி நேரமே இருந்தது. நான் பெரியவரைப் பார்த்தேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். துப்பாக்கியை இறக்கிவிட்டேன். அது சிறிது நேரம் நின்றுவிட்டு மரங்களுக்குள் போயிற்று.

வீட்டுக்கு வந்ததும் மனைவி, “இந்த வருடம் கறி உண்டா, கடையில் வாங்க வேண்டுமா?” என்று கேட்டார். வேட்டைக்காலம் முடிய இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. அடுத்த சனிக்கிழமை விடியும் முன்பே கிளம்பி, நண்பகலுக்குப் பிறகு சுடுவதில்லை என்று இருவரும் பேசி வைத்திருக்கிறோம்.